டிம்மர் உள்ள வீட்டில் எல்.இ.டி. பல்பு: பல்பை மாற்றுவதா, டிம்மரை மாற்றுவதா?

எங்கள் வீடு கட்டி முடித்தது 2004-ல். அப்போது திருச்சியில் ஹாலுக்கு டிம்மர், அதாவது பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழ், வைப்பது ஒரு பெருமை. எலக்ட்ரீஷியன் ஹாலில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று என்று இரண்டு வைத்துக் கொடுத்தார். டிம்மரும் ஃபேன் ரெகுலேட்டரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வெளிச்சத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று யாராவது திருகி, மே மாத மத்தியானத்தில் ஃபேனை நிறுத்திவிடுவது எங்கள் வீட்டில் சகஜம்.

அந்த டிம்மருக்கு அப்போது வேலை இருந்தது. 60 வாட் குண்டு பல்பு. திருகத் திருக மஞ்சளாகி, கடைசியில் கார்த்திகை அகல் போல ஆகிவிடும். இருபது வருடத்தில் பல்பு குண்டிலிருந்து சி.எஃப்.எல்., அதிலிருந்து எல்.இ.டி. என்று மாறிவிட்டது. டிம்மர் மட்டும் சுவரில் அப்படியே இருந்தது.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருப்பார். முழு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, இருட்டில் நடந்தால் எங்களுக்குப் பயம். டிம்மரைத் திருகினால் பல்பு பட்டாம்பூச்சி மாதிரி படபடக்கிறது. "டேய், இந்த லைட்டு என்னடா சிணுங்குது?" என்றார். கூர்ந்து கேட்டால் உண்மையிலேயே சத்தம் வந்தது, டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி. இதைச் சரிசெய்ய என்னென்ன வழி என்று இறங்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடலாம், அது தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ஒரு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள். 60 வாட் குண்டு பல்பு வருடத்துக்கு ஏறக்குறைய 110 யூனிட் தின்னும். 9 வாட் எல்.இ.டி.க்கு 16 யூனிட் போதும். மிச்சம் 90 யூனிட்டுக்கு மேல். இந்த லாபம் பல்பை மாற்றிய அன்றே வந்துவிடுகிறது. அதற்குமேல் அந்த எல்.இ.டி.யைப் பாதியாக டிம் செய்து தினமும் எரித்தால் கூடுதலாக மிச்சமாவது வருடத்துக்கு எட்டு யூனிட். கரண்ட் பில்லில் கண்ணுக்கே தெரியாது. குண்டு பல்பு காலத்திலும் டிம்மர் பெரிதாக மிச்சம் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம். குண்டு பல்பின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாலும் மின்சாரம் முக்கால் பங்கு அளவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். இழை சூடு குறையக் குறைய வெளிச்சம் சட்டென்று விழும், மின்சாரம் மெதுவாகத்தான் விழும்.

ஆகவே எல்.இ.டி.க்கு டிம்மர் வேண்டுமா என்ற கேள்வியில் சிக்கனம் என்ற பேச்சே வேண்டாம். கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்றால் மட்டும் செலவு செய்யுங்கள். எந்த அறையில் அந்த இதம் தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் ஹாலுக்குத் தேவைப்படவில்லை. இத்தனை வருடமும் யாரும் திருகியதே இல்லை, ஃபேன் என்று நினைத்துத் திருகியவர்களைத் தவிர.

சரி, பல்பு ஏன் படபடக்கிறது? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அலை போல நொடிக்கு 50 சுற்று ஏறி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அரை அலை, ஆக நொடிக்கு 100 அரை அலை. டிம்மருக்குள் ட்ரையாக் என்று ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. ஒவ்வொரு அரை அலையிலும் முன்பகுதியை அடைத்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகக் கதவைத் திறக்கும். குமிழைத் திருகும்போது நாம் மாற்றுவது அந்தத் தாமதத்தைத்தான். குண்டு பல்பின் இழைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நொடிக்கு நூறு தடவை வெட்டினாலும் அதன் சூடு அதற்குள் ஆறாது. வந்த மின்சாரத்துக்கு ஏற்றபடி எரியும்.

எல்.இ.டி. பல்புக்குள் டிரைவர் என்று ஒரு குட்டிச் சர்க்யூட் இருக்கிறது. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. நம் ஊர் லோ வோல்டேஜுக்கு அது வரப்பிரசாதம், குழல் விளக்கு எரியாமல் முக்கி முனகிய நாட்களை மறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் டிம்மரில் போட்டால் அந்த நல்ல குணமே வினையாகிவிடுகிறது. நீங்கள் டிம்மரைக் குறைக்கிறீர்கள், டிரைவர் அதை ஈடுகட்டுகிறது. இன்னும் குறைக்கிறீர்கள், இன்னும் ஈடுகட்டுகிறது. ஒரு கட்டத்தில் அதனால் முடியாமல் அணைகிறது, உடனே மறுபடி எழுகிறது, மறுபடி அணைகிறது. பாதி வரை ஒன்றுமே மாறாமல் இருந்து, அப்புறம் திடீரென்று படபடத்து அணைந்துபோவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ட்ரையாக் திறந்தே இருக்க வேண்டுமானால் அதன் வழியே குறைந்தபட்சம் இவ்வளவு மின்னோட்டம் போய்க்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பழைய டிம்மரைக் கழற்றிப் பார்த்தபோது பின்பக்கம் 60 முதல் 400 வாட் என்று அச்சடித்திருந்தது. அதில் 9 வாட் பல்பை மாட்டினால் கதவு திறந்த கையோடு மூடிக்கொள்கிறது. ஒன்பது பேர் ஏறிய பஸ்ஸை, அறுபது பேர் வந்தால்தான் எடுப்பேன் என்று நிறுத்தி வைக்கிற கதை.

இதற்கு எலக்ட்ரீஷியன்கள் கையில் ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அதைத்தான் முதலில் சொன்னார்: "ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பைச் சேர்த்துப் போட்டுருங்க தம்பி, அடங்கிடும்." பேர்தான் ஜீரோ வாட்ஸ். பழைய இழை பல்பாக இருந்தால் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். போட்டுப் பார்த்தோம். படபடப்பு குறைந்தது, நிற்கவில்லை. 9 வாட் பல்பை அடக்க 15 வாட் பல்பை எரிப்பது என்ன கணக்கு என்று அம்மாவே கேட்டுவிட்டார். ஜீரோ வாட்ஸ் பல்பை மறுநாளே கழற்றினேன்.

இனி இருக்கிற வழிகளைப் பார்க்கலாம். சி.எஃப்.எல். பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டில் பழைய ஸ்டாக் இருந்தாலும் டிம்மரில் மாட்டாதீர்கள். சாதாரண சி.எஃப்.எல். டிம்மரில் சீக்கிரம் போய்விடும், அடிப்பகுதி கருகி நாற்றம் வரும். டிம் செய்யக்கூடிய சி.எஃப்.எல். என்று தனியாக வந்தது உண்மைதான், ஆனால் தேடி வாங்க இனி ஒரு காரணமும் இல்லை. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான சர்வதேச மினமாட்டா ஒப்பந்தத்தின் 2022 கூட்டத்திலேயே, சாதாரண வீட்டு சி.எஃப்.எல். பல்புகளை 2025-க்குள் நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. உடைந்தால் விளக்குமாற்றால் வாரி வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முதல் வழி, டிம்மரையே தூக்கிவிடுவது. பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். கையில் இருப்பது சாதாரண 9 வாட் பல்புதானே. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய மலிவு விலை எல்.இ.டி. திட்டமான உஜாலாவில் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் விநியோகித்தார்களே, அந்த வகைப் பல்பு. 2014-ல் அரசு கொள்முதல் விலையே 310 ரூபாய் இருந்தது, 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. வீட்டுக்கு வீடு எல்.இ.டி. வந்ததற்கு அந்த விலைச் சரிவுதான் காரணம். ஆனால் அந்த விலைக்குள் டிம் ஆகும் டிரைவரை எதிர்பார்க்க முடியாது. டிம்மரை முழுதாகத் திருகி வைத்து எரித்தால் பரவாயில்லையே என்று கேட்பார்கள். எரியும், ஆனால் யாராவது ஒரு நாள் திருகுவார்கள், பல்பு துடிக்கும், டிரைவர் வெந்துபோகும். டிம்மர் இருந்த இடத்தில் ஒரு சாதாரண சுவிட்ச் போட அரை மணி நேர வேலை. அறையில் இன்னொரு பாயின்ட் இருந்தால் அதில் ஒரு 3 வாட் பல்பைப் போட்டு, தனி சுவிட்ச் கொடுங்கள். பெரியது, சின்னது, இரண்டும் என்று மூன்று அளவு வெளிச்சம் கைக்கு வந்துவிடும். திருகுவதற்கு ஒன்றுமில்லை, கெடுவதற்கும் ஒன்றுமில்லை.

இரண்டாவது, பழைய டிம்மரை அப்படியே வைத்துக்கொண்டு, டிம்மபிள் (டிம் செய்யக்கூடிய) எல்.இ.டி. மட்டும் வாங்குவது. அட்டைப்பெட்டியில் டிம்மபிள் என்று வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இல்லை என்றே அர்த்தம். விலை சாதாரண பல்பைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாமே டிம் ஆகும் சார்" என்பார். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். நான் ஒரே ஒரு பல்பு வாங்கி வந்து மாட்டினேன். மேல்பாதியில் அழகாகக் குறைந்தது. அதற்குக் கீழே போனதும் மறுபடி சிணுங்கல். காரணம் முன்னால் சொன்ன அந்த 60 வாட் சமாச்சாரம்தான். அதே டிம்மரில் மூன்று நாலு டிம்மபிள் பல்புகள் சேர்ந்து எரிகிற ஹால் என்றால் இந்த வழி ஓரளவு ஒத்துவரலாம். ஒற்றைப் பல்பு அறைக்கு அரைகுறைதான். ஒரு பல்பை வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள், மொத்தமாக வாங்கிவிட்டுப் புலம்ப வேண்டாம்.

மூன்றாவது, பல்பையும் டிம்மரையும் சேர்த்து மாற்றுவது. எல்.இ.டி.க்கு என்றே வரும் டிம்மர்களில் இரண்டு நல்ல விஷயம் இருக்கிறது. குறைந்தபட்ச வாட் சில வாட்டிலேயே தொடங்கும். அடுத்தது, பல டிம்மர்கள் அலையின் முன்பகுதியை வெட்டாமல் பின்பகுதியை வெட்டும். இதனால் என்ன என்றால், முன்பகுதியை வெட்டும்போது கதவு திறந்த கணத்தில் வோல்டேஜ் சட்டென்று பாய்கிறது. பல்புக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் நொடிக்கு நூறு தடவை அந்த அடியை வாங்குகிறது. அந்தச் சிணுங்கலே அப்படி வருவதுதான். பின்பகுதியை வெட்டினால் அலை பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி, பாதியில் நிற்கும். சத்தம் அடங்கிவிடும். டிரெய்லிங் எட்ஜ் என்று பெட்டியில் போட்டிருக்கும். தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் கேட்டு இரண்டு இடத்தில் முழித்தார்கள், கடைசியில் ஆர்டர் கொடுத்துத்தான் வாங்கினேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: குண்டு பல்புக்கு 400 வாட் என்று போட்ட முன்பகுதி வெட்டும் டிம்மர், எல்.இ.டி.க்கு அதில் பத்தில் ஒரு பங்கு தாங்கினாலே அதிகம் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

இந்த மூன்றாவது வழியில் பல்பின் நிறத்தைத் தவறவிட்டால் காசு தண்டம். குண்டு பல்பைக் குறைத்தால் நிறமும் சேர்ந்து செம்மஞ்சளாகும், நம் கண்ணுக்கு இதம் என்று படுவது அதுதான். எல்.இ.டி. அப்படி மாறாது. நம் ஊரில் எல்லோரும் குழல் விளக்கு பழக்கத்தில் 6500 கெல்வின் வெள்ளையைத்தான் கேட்டு வாங்குகிறோம் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறையக் குறைய மஞ்சள்). அதைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள், மழைக்கால விடியற்காலை மாதிரி அறை முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கும். முகங்களைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். டிம் செய்யப் போகிற பல்பு 2700 அல்லது 3000 கெல்வினாக, வார்ம் ஒயிட் என்று போட்டதாக இருக்கட்டும். இன்னொரு சின்ன ஏமாற்று: பத்து சதவீதம் வரை குறையும் என்று போட்டிருந்தால் மங்கலாக இருக்கும் என்று நினைப்போம். கண்ணின் கணக்கு வேறு. பத்து சதவீத வெளிச்சம் நம் கண்ணுக்கு முப்பது சதவீதம் போலத் தெரியும். தூக்கம் கலைந்து எழுந்தவருக்கு அதுவே அதிகம்.

நான்காவதாக, சுவிட்சைத் தட்டித் தட்டி வெளிச்சம் மாற்றும் பல்பு. ஒரு தடவை போட்டால் முழு வெளிச்சம், அணைத்து உடனே போட்டால் பாதி, இன்னொரு தடவை தட்டினால் மிக மங்கல். டிம்மரே வேண்டாம், சாதாரண சுவிட்ச் போதும், வயரிங்கில் கை வைக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. குறை என்னவென்றால், மங்கலுக்குப் போக ஒவ்வொரு தடவையும் முழு வெளிச்சத்தைக் கடந்தாக வேண்டும். நடுராத்திரி கண் கூசுகிறவருக்கு அதுதான் வேண்டாத வேலை. அம்மா ஒரே நாளில் நிராகரித்துவிட்டார். மகளின் படிப்பு அறையில் இப்போது அந்தப் பல்பு ஜோராக ஓடுகிறது.

ஸ்மார்ட் பல்பு ஐந்தாவது. போனில் விரலால் இழுத்தால் ஒரு சதவீதம் வரை இறங்கும், நிறமும் மாறும். டிம் செய்யும் வேலை பல்புக்குள்ளேயே நடப்பதால் சிணுங்கல் இல்லை. ஆனால் அதை டிம்மர் வழியாக எரிக்கவே கூடாது, எப்போதும் முழு மின்சாரம் வேண்டும். சுவர் சுவிட்சை யாராவது அணைத்தால் போனில் இருந்து ஒன்றும் செய்ய முடியாது, நம் வீடுகளில் அணைக்காமல் விட்டால் திட்டு விழும். அணைந்தது போலத் தெரியும்போதும் அரை வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருந்தால் வருடத்துக்கு நாலு யூனிட் போகிறது. டிம் செய்து மிச்சம் பிடித்த எட்டு யூனிட்டில் பாதி அங்கேயே போச்சு. எங்களுக்கு நடந்த கூத்து வேறு. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. வந்ததும் வராததுமாகப் பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்தது. அம்மா பதறி எழுந்து, விடிந்துவிட்டது என்று அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்துவிட்டார். கரண்ட் திரும்பும்போது பழைய நிலையிலேயே இருக்கட்டும் என்று ஆப்பில் ஒரு அமைப்பு இருப்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஃபேன் ரெகுலேட்டரில் பல்பைக் கொடுக்கலாமா என்று கேட்காத ஆளில்லை. இப்போது வருகிற ஸ்டெப் ரெகுலேட்டர்களில் இருப்பது கெப்பாசிட்டர், அது ஃபேன் மோட்டாருக்காகக் கணக்குப் போட்டு வைத்தது. எல்.இ.டி.யை அதில் கொடுத்தால் ஒன்றிலும் நாலிலும் பெரும்பாலும் ஒரே வெளிச்சம்தான் வரும். வேண்டாம்.

டிம்மரை எடுத்த பிறகும், சுவிட்சை அணைத்த பல்பு இருட்டில் லேசாக மினுக்கிக்கொண்டே இருந்தால் பேய் என்று பயப்பட வேண்டாம். சுவிட்சில் சிவப்பாக ஒரு இண்டிகேட்டர் எரிகிறதா பாருங்கள், அதன் வழியே கசியும் துளி மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாமலும் மினுக்கினால் கரண்ட் வரும் ஃபேஸ் வயருக்குப் பதிலாக, அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் சுவிட்சைக் கொடுத்திருக்கலாம். அது ஆபத்து. பல்பு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். உடனே ஆள் வைத்துப் பாருங்கள். டிம்மர் மாற்றும் வேலையையும் மெயினை அணைத்து, தெரிந்தவர் கையால் செய்வதே சரி. நம் ஊர் சுவிட்ச் போர்டில் பிளக் பாயின்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் வயர் பெரும்பாலும் உள்ளேயே கிடைக்கும். நியூட்ரல் கேட்கிற டிம்மராக வாங்கினாலும் சுவரை உடைக்க வேண்டி வராது.

கடைசியில் எங்கள் வீட்டில் எப்படி முடிந்தது என்றால், ஹால் டிம்மருக்கு விடை கொடுத்து, அந்த ஓட்டையில் டம்மி பிளேட் அடித்தாயிற்று. அம்மா அறையில் மூன்றாவது வழி: புது டிம்மர், 2700 கெல்வினில் ஒரு டிம்மபிள் பல்பு. சாயங்காலம் படுத்தபடி ரேடியோ கேட்கும்போது அதைக் குறைத்து வைத்துக்கொள்கிறார், சத்தமே இல்லை. ஆனால் இத்தனைக்கும் காரணமான அந்த ராத்திரி நடைக்கு டிம்மர் உதவவில்லை. தூக்கக் கலக்கத்தில் குமிழை எந்தப் பக்கம் திருகுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பாத்ரூம் போகிற வழியில், தரையை ஒட்டிய பிளக்கில் சொருகும் அரை வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கி வைத்தேன். இருட்டினால் தானே எரியும். கண்ணில் படாது, காலடி மட்டும் தெரியும். இதை முதலிலேயே வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கழற்றிய பழைய டிம்மர் இரண்டையும் குப்பையில் போடப் போனேன். எலக்ட்ரீஷியன் தடுத்து வாங்கிக்கொண்டார். ஊரில் அவர் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறார்களாம். குஞ்சு பொரித்த முதல் வாரங்களில் சூட்டுக்குக் குண்டு பல்பு கட்டித் தொங்கவிட வேண்டும், சூடு கூடினால் குஞ்சுகள் ஓரத்துக்கு ஓடும், குறைந்தால் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். "அளவா வச்சுக்கத் திருகு வேணும் தம்பி" என்று பையில் போட்டுக்கொண்டு, பரணில் குண்டு பல்பு ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டார். இரண்டு கிடந்தன, கொடுத்தனுப்பினேன்.